அம்மா சீட்டில் இருக்கும் 'பிளஸ்' பயப்படுற சமாச்சாரம் இல்லைங்க

வணக்கமுங்க. கோபியில் அம்மாவை டிஸ்சார்ஜ் செய்தபோது கொடுத்த சீட்டில் 'எஸ்1 எஸ்2 +', 'பிஏஇ +' என்று இருக்கிறது, பிளஸ் என்றால் நோய் இருக்கிறது என்றுதானே அர்த்தம் எனக் கேட்டிருந்தீர்கள். நேர் எதிருங்க. இதய வால்வுகள் மூடும்போது கேட்கிற 'லப்', 'டப்' சத்தம்தான் எஸ்1, எஸ்2. பிளஸ் போட்டால் இரண்டும் கேட்கிறது என்று பொருள். பிஏஇ பிளஸ் என்றால் இரண்டு பக்க நுரையீரலுக்கும் காற்று போகிறது, அவ்வளவுதான். அதே சீட்டில் இருக்கும் 'கே/சி/ஓ டி2டிஎம்' மட்டும் நோயின் பெயர், ஆனால் புதுசு இல்லை: இரண்டாம் வகை சர்க்கரை ஏற்கெனவே இருப்பவர் என்று எழுதியிருக்கிறார்கள்.

மாத்திரைப் பக்கம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் லத்தீன் சுருக்கம். 'பிடி' (BD) இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, எச்எஸ் படுக்கப் போகும்போது. எஸ்ஓஎஸ் என்று பார்த்ததும் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், வலியோ காய்ச்சலோ வந்தால் மட்டும் போடச் சொல்வது அது.

இந்த 'ஓடி' (OD) என்கிற சுருக்கம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். மாத்திரைச் சீட்டில் ஒரு வேளை, கண் சீட்டில் வலது கண்! எங்க அப்பச்சிக்குக் கண் பரிசோதனை செய்த சீட்டைப் பார்த்து, தினம் ஒரு வேளை என்ன போடணும் என்று வீடே தேடிக்கொண்டிருந்தோம். அப்புறம், ஏதாவது எழுத்து புரியவில்லை என்றால் ஊகித்து மாத்திரை கொடுக்காதீர்கள், மருந்துக் கடையிலோ டாக்டரிடமோ கேட்டுவிடுங்கள்.