கைபேசி நம் மூளையை மழுங்கடிக்கிறதா? – கேள்வி பதில்

நினைவாற்றல், கற்றல் பற்றிப் பாடம் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

சார், முன்பெல்லாம் எத்தனையோ போன் நம்பர் மனப்பாடம். இப்போது மனைவியின் நம்பர்கூடத் தெரியவில்லை. மூளை மங்கிவிட்டதா?

இல்லை. தேவைப்படாததால் மூளை அதைப் பிடித்துவைக்கவில்லை, அவ்வளவுதான். 2011-இல் உளவியலாளர் பெட்ஸி ஸ்பாரோ குழுவினர் சில தகவல்களைக் கணினியில் தட்டச்சு செய்யவைத்தார்கள். இவை அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது, சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்குக் குறைவு. இதில் லாபமும் உண்டு. படித்த கோப்பைச் சேமித்துவிட்டு அடுத்ததைப் படித்தவர்களுக்கு அந்த இரண்டாவது கோப்பு நன்றாகப் பதிந்ததை 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் மனைவியின் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள். பேட்டரி தீர்ந்த நேரத்தில்தான் அது வேண்டியிருக்கும்.

இளைய தலைமுறையின் ஐக்யூ குறைகிறதாமே, போன்தானே காரணம்?

நார்வேயில் ராணுவத்தில் சேருவோருக்கு நடத்தும் தேர்வுகளை வைத்து 2018-இல் வந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். அதில் சரிவு தொடங்குவது 1975-க்குப் பின் பிறந்தவர்களிடம். அவர்களில் மூத்தவர்கள் தேர்வு எழுதியது தொண்ணூறுகளில். ஐபோன் வந்ததே 2007-இல். பழியைப் போன்மேல் போட முடியாது.

மேப் இல்லாவிட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது.

இதில் எனக்கு நிஜமாகவே கவலை உண்டு. லண்டன் டாக்சி ஓட்டுநராக விரும்புவோர் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேற வேண்டும். மூளை ஆய்வாளர் எலினார் மக்வயர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தேறியவர்களின் ஹிப்போகாம்பஸில் (இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் மூளைப் பகுதி) பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த வளர்ச்சி இல்லை. பழகப் பழக வளரும் திறமை இது. கிளம்பும் முன் மேப்பை ஒருமுறை முழுதாகப் பாருங்கள், திருப்பங்களை மனதில் வாங்குங்கள். திரும்பி வரும்போது அதை அணைத்துவிட்டு வந்து பாருங்கள்.

படிக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்தால் போதுமா?

மேசைமேல் இருந்தாலே கவனம் குறையும் என்றது 2017 ஆய்வு ஒன்று. பின்னால் செய்தவற்றில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. எதற்கும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

என் மகள் கணக்கு வீட்டுப்பாடம் முழுவதையும் ஏஐயிடம் கேட்டே முடிக்கிறாள். தடுக்கலாமா?

அம்மா, நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். சாட்ஜிபிடி போன்ற ஒன்றை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அது கிடைக்கவே கிடைக்காதவர்களைவிட 17 சதவீதம் குறைவு! விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுத்த இன்னொரு வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது.

3(x−4) = 2x+5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் தானாகப் போட்டால் 3x−4 என்று விரித்து, 9 என்று விடை சொல்லக்கூடும். 4-ஐயும் மூன்றால் பெருக்க வேண்டும் என்பதில்தான் அவளுக்குத் தடுமாற்றம். ஏஐ நேராக 17 என்று கொடுத்துவிட்டால் அந்தத் தடுமாற்றம் வெளியே தெரிவதே இல்லை, அவளுக்கும் தெரியாது. எனவே தடுக்க வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். முதலில் அவளே நோட்டில் போடட்டும், தப்பானாலும் சரி. அப்புறம் ஏஐயிடம் "விடை சொல்லாதே, எந்த வரியில் சறுக்கினேன் என்று மட்டும் சொல்" என்று கேட்கட்டும். மறுநாள் அதே மாதிரி இன்னொரு கணக்கை அது இல்லாமல் போடச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும்.