அம்மாவுக்கு அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது. எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்? அவரிடம் உண்மையைச் சொல்லலாமா?

மார்பகத்தில் கட்டி, பயாப்ஸி (கட்டியில் ஊசி குத்தித் துளி சதை எடுத்துச் சோதிப்பது) முடிந்துவிட்டது, அம்மாவிடம் வெறும் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், அம்மா ஊரில் இருக்கிறார் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் மற்றதெல்லாம் இருக்கட்டும், இன்றைக்கே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அம்மா வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. ராஜபாளையத்துக்காரன், நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவன். என் அக்காவுக்கு 46 வயதில் இதே மார்பகப் புற்றுநோய் வந்தது. அத்தான் துபாயில் இருந்ததால் ஆஸ்பத்திரி, பஸ், இன்சூரன்ஸ், சாப்பாடு எல்லாம் நான்தான் பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

நாங்களும் மறைத்தோம். "கொழுப்புக் கட்டிக்கா, மதுரையில காட்டிட்டு வந்துடலாம்" என்று கூட்டிப் போனேன். மூன்று வாரம் கழித்து, ஸ்கேனுக்குக் காத்திருந்த பெஞ்சில் அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "புற்றுநோய்ப் பிரிவுன்னு மேல பெருசா எழுதியிருக்கு. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்டா தம்பி." அந்த மூன்று வாரமும் அவள் தெரிந்துகொண்டே எங்களுக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். ராத்திரி யாரிடமும் சொல்லாமல் தனியாக அழுதிருக்கிறாள். உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம், அவர் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். கீமோ என்றால் அவர் உடம்பில் என்ன மாறினாலும் அவரே வாய் திறந்து சொல்லியாக வேண்டும். என்ன நோய் என்று தெரியாதவர் எதை, எதற்காகச் சொல்வார்?

பயாப்ஸியை முடித்தது நல்லது. "ஊசி குத்தினா பரவிடும்" என்று எங்கள் பெரியப்பா சொன்னதைக் கேட்டு நாங்கள் இரண்டு மாதத்தை இழந்தோம். பயாப்ஸி இல்லாமல் எந்த மருந்து என்று முடிவு செய்யவே முடியாது. ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர், ஹெர்2 என்று மூன்று இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோனால் வளர்கிற கட்டியா என்று காட்டுபவை. மூன்றாவது பாசிட்டிவ் என்றால் அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு என்ன கொடுத்தார்கள், எத்தனை தடவை கொடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். ஒரே பெயரில் வேறு வேறு நோய் அது.

அக்காவுக்கு முதலில் நான்கு தடவை கீமோ, 21 நாளுக்கு ஒன்று. டாக்ஸோரூபிசின் என்கிற மருந்து அதில் உண்டு. ரோஸ்மில்க் மாதிரி சிவப்பாக இருக்கும். இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முன்னாலேயே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுத்தார்கள். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியில் மெதுவாக ஏற்றுவார். போன் வந்தால்கூட எழுந்து போகமாட்டார். அது ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்துவிடும். ஏற்றும்போது எரிகிறது என்றால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்கிற விஷயம் இல்லை. அன்றைக்கும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ரத்தம் என்று நினைத்து அக்கா பாத்ரூமுக்குள்ளிருந்து அலறிவிட்டாள்.

வாந்திக்கு இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. கொடுத்ததை வாந்தி வந்த பிறகு போடாமல், சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும். அக்காவுக்கு வாந்தியைவிடக் கஷ்டம் வாசனைதான். கடுகு தாளித்தால் போதும், சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். வாயெல்லாம் தகர ருசி என்பாள். அப்புறம் வாய்ப்புண். ஆறின கஞ்சி, இட்லி, குழைந்த பருப்பு சாதம் இவைதான் இறங்கின.

முடி. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தலையணையில் கொத்தாகக் கிடந்தது. அக்கா அழவில்லை. "கொஞ்சம் கொஞ்சமா போறதைப் பாத்துட்டு இருக்க முடியாதுடா, ஆளைக் கூப்பிடு" என்றாள். கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு மொட்டை அடித்தோம். தெருவில் கேட்டவர்களிடம் "இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன்" என்று அவளே சொன்னாள். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து அந்த நேர்த்தியை நிஜமாகவே செய்துவிட்டு வந்தாள்.

இப்போது தெர்மாமீட்டர். கீமோ ஏற்றிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமியே ஆளைச் சாய்த்துவிடும். இரண்டாவது கீமோவின் பத்தாம் நாள் ராத்திரி அக்காவுக்கு உடம்பு சுட்டது. வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஒரு பாராசிட்டமால் கொடுத்தேன். வியர்த்து, சூடு இறங்கியது. நிம்மதியாகத் தூங்கப் போனோம். விடிகாலை ஐந்து மணிக்கு பாத்ரூம் வாசலில் விழுந்து கிடந்தாள். கைகால் ஜில்லென்று இருந்தது. உள்ளூர் நர்ஸிங் ஹோமில் பிரஷர் 80க்கு 50. வெள்ளை அணுக்கள் 4,000க்கு மேல் இருக்க வேண்டியது 700 இருந்தது. 108இல் மதுரைக்கு ஓடினோம். ஐந்து நாள் டிரிப்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்றி மீட்டார்கள்.

"ராத்திரியே ஏன் போன் பண்ணலை?" என்று மட்டும்தான் டாக்டர் கேட்டார். ஃபைலைப் புரட்டினால் டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில் இருக்கிறது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் உடனே வரவும் என்று. ஆங்கிலத்தில், எறும்பு சைஸில். படிக்காதது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன், கமெண்டில் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்காவது ஆங்கிலம் தெரியும். அந்த வார்டில் பாதிப்பேருக்குத் தெரியாது. உயிர் போகிற ஒரு வரியைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

ஆகவே: 100.4 காட்டினால் அது ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போன், பிறகு வண்டி. நீங்களாகப் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைக்க வேண்டாம். அடுத்த கீமோவிலிருந்து அக்காவுக்கு வெள்ளை அணு ஏறுவதற்கு ஊசி போட்டார்கள். அதில் இடுப்பெலும்பு வலிக்கும், பயப்பட வேண்டாம்.

முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் புற்றுநோய் போய்விடும் என்று உங்களுக்கும் வாட்ஸ்அப் வந்திருக்கும். எங்களுக்கு மாமா ஒருவர் மூட்டையாகவே கொண்டுவந்தார். கீமோ நடக்கும்போது வேறெதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார், கேட்டோம். நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை, என் மூட்டுவலிக்கு அதைத்தான் பார்க்கிறேன். எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

பிறகு வாராவாரம் பன்னிரண்டு தடவை பேக்லிடாக்ஸெல் என்கிற இன்னொரு கீமோ மருந்து. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தாள். அடுத்து ஆபரேஷன், அதன் பிறகு 15 நாள் ரேடியேஷன். ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்களே, அதுதான். ஷாக் எதுவும் அடிக்காது, எக்ஸ்ரே எடுப்பது மாதிரி சில நிமிடம். தோல் கறுத்துப் பிறகு தெளிந்தது. இப்போது தினம் ஒரு டமாக்ஸிஃபென் மாத்திரை (ஹார்மோன் கட்டியை வளர்க்காமல் தடுப்பது), மூன்றாவது வருடம் ஓடுகிறது.

இந்த அலைச்சலில் என் வேலை பட்ட பாடு தனிக்கதை. பதினோரு வருடம் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. 34 நாள் லீவுக்குச் சம்பளம் பிடித்தார்கள், சரி, அது கணக்கு. ஆனால் அந்த வருடத் தீபாவளி போனஸிலும் பிடித்தார்கள். "அக்காவுக்குத்தானே, பொண்டாட்டிக்கா?" என்று மேனேஜர் கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. கூடப் பிறந்தவள் குடும்பம் இல்லையா?

பணத்துக்கு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. உங்கள் ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாளே காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போவதென்றால் டாக்டர் சான்றிதழ் காட்டி ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளி இலவசமாகப் போகலாம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகை. இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் சென்னையில் அடையாறு இருக்கிறது, முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் முயன்று 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சேர்க்கச் சொன்னாள். முதல் நாள் கை இறுக்கமான ஜாக்கெட் போட்டுக்கொண்டு போக வேண்டாமாம். ஊசி போட மேலே ஏற்ற முடியாமல் அவளுடைய புது ஜாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். தொளதொளவென்று ஒரு நைட்டி, மேலே ஒரு துண்டு, அதுவே போதும் என்கிறாள்.