சிறிய மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மாடு வளர்க்கலாமா என்ற யோசனையில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு குழந்தை சிரிக்கும் காணொளி ஏதாவது பார்த்திருப்பீர்கள். அதுவும் உண்டு, பொய்யில்லை. எங்களிடம் இருப்பது நாலு கறவை மாடு, இன்னும் கன்று ஈனாத இரண்டு கிடாரி. இதைப் பண்ணை என்றால் பெரிய பண்ணைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

விடியும் முன் எழுவது, சாணி அள்ளுவது எல்லாம் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். வீட்டுக்குள் யார் என்ன செய்கிறோம் என்று மட்டும் சொல்கிறேன். பால் கறப்பது என் வேலை. கறந்ததும் மாடு படுத்துவிடக் கூடாது, காம்புத் துளை மூட அரை மணியாவது ஆகும், அதுவரை தரையில் பட்டால் கிருமி ஏறிவிடும். அதனால் உடனே புல் போட்டு நிற்க வைப்பது பையன் வேலை. மாடு பருவத்துக்கு, அதாவது சினைப்படுத்தும் நேரத்துக்கு, வந்ததை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மகள்தான். பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலிலிருந்தே கத்துவாள். 21 நாளுக்கு ஒருமுறை வருவது, அரை நாளுக்கு மேல் அதிகம் நிற்காது. தவறவிட்டால் அடுத்த 21 நாள் தீவனம் தண்டம்.

ஒன்பது வருடத்தில் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து வெளியே தங்கியது ஒரே ஒரு முறை. என் தங்கை கல்யாணம், இரண்டு நாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கொட்டிலை ஒப்படைத்தோம். அவரும் மாடு வைத்திருப்பவர், கை பழகியவர். மூன்று மாடுகள் ஒழுங்காகக் கறந்தன. பெரியவள் மட்டும் புதுக் கை பட்டதும் மிரண்டு பாலை அடக்கிக்கொண்டாள். அக்கா என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார். கல்யாண வீட்டில் தொந்தரவு வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

நாங்கள் வந்தபோது பெரியவளின் பின் இடது மடி கல்லாக இருந்தது, பால் திரிதிரியாக வந்தது. மடிநோய், அதாவது மடியில் கிருமித் தொற்று. காம்புக்குள் மருந்து ஏற்றி, மருந்து நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரை பாலைக் கீழே கொட்டினோம். அந்தக் காம்பில் பால் திரும்பவே இல்லை. என் கணவர் ஒன்றும் பேசவில்லை. மாமனார்தான், "அடுத்த கல்யாணத்துக்கு நான் இருந்துக்கறேன்மா" என்றார். அதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் பாதிக் குடும்பம்தான்.

ஆள் வைக்கலாமே என்று யாராவது வருவீர்கள். நாலு மாட்டுப் பாலில் சம்பளம் கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது சாணிதான். கறவை இயந்திரம் வாங்கினாலும் அதை மாட்ட ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காதது ஒன்று. பால் ஊற்றும் இடத்தில் ஒருநாள், கறந்த சூடு ஆறுமுன் பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியை விட்டுப் பார்த்து, "தண்ணி சேர்த்திருக்கீங்களாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் ஒருவர். சூட்டோடு பார்த்தால் அது குறைத்துத்தான் காட்டும், பாலின் அடர்த்தி ஏறச் சில மணி நேரம் வேண்டும். மறுநாள், முந்தின நாள் பாலில் அரை லிட்டரை ஆறவைத்து எடுத்துப் போய் அதே பால்மானியை விடச் சொன்னேன். அளவு சரியாக நின்றது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேனை நகர்த்துங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்றார்.