வீட்டில் செய்த தொலைநோக்கியில் சூரியப் புள்ளி: கேள்வி பதில்

கேள்வி: +1 பவர் மூக்குக்கண்ணாடி லென்ஸில் தொலைநோக்கி செய்திருக்கிறேன். சூரியன்மேல் இருக்கும் கரும்புள்ளி தெரியுமா?

தெரியும். +1 என்றால் குவியத் தூரம் 1 மீட்டர். நடுவில் 25 மி.மீ. ஓட்டை போட்ட அட்டையை லென்ஸின் முன்னால் ஒட்டுங்கள், விளிம்பில் வண்ணம் கசிவது குறையும். வெளிச்சம் போதுமா என்ற கவலை வேண்டாம், சூரியனிடம் அதற்கா பஞ்சம்? ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. கண் பக்கம் இருக்கும் 25 மி.மீ. குவியத் தூரக் கண்லென்ஸுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வெள்ளை அட்டையைப் பிடித்தால் 15 செ.மீ. அகலச் சூரியன் அதில் விழும்.

கேள்வி: கண்லென்ஸில் கருப்புக் கண்ணாடி மாட்டி நேரே பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஒளி குவியும் இடத்தில் அந்தக் கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டால் கண்ணை எடுக்க நேரம் இருக்காது. வடிகட்டி முன் லென்ஸுக்கும் முன்னால்தான் இருக்க வேண்டும். அதற்கென்றே விற்கும் சூரியப் பிலிம் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும். எக்ஸ்ரே பிலிம், சிடி எதுவும் ஆகாது.

கேள்வி: பார்க்காமல் சூரியனை எப்படிக் குறிவைப்பது?

குழாயின் நிழலைப் பாருங்கள். நிழல் சுருங்கி வட்டமானால் சூரியன் சிக்கிவிட்டது.

கேள்வி: அட்டையில் ஒரு கரும்புள்ளி தெரிகிறது. தூசியாக இருக்குமோ?

கண்லென்ஸை மெல்லத் திருகுங்கள். கூடவே சுற்றினால் தூசி. நான் ஒரு 'புள்ளி'யை மூன்று நாள் விடாமல் வரைந்தேன், இம்மியும் நகரவில்லை. அப்புறம்தான் கண்லென்ஸைத் துடைத்தேன்! நிஜப் புள்ளி நாளுக்கு நாள் இடம் மாறும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறத்தாழ இரண்டு வாரம். பெரிய புள்ளியில் கருத்த நடுப்பகுதியும் அதைச் சுற்றிச் சாம்பல் வளையமும் பிரிந்து தெரியும்.

கேள்வி: போனில் எடுத்தால் வெறும் வெள்ளை வட்டம்தான் வருகிறது.

போன் சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. போன் திரையில் தெரியும் சூரியன்மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) பூட்டி, புள்ளி தெரியும்வரை குறையுங்கள். சூரியனின் விளிம்பு கத்தி போல வரும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். வெயில் ஏறினால் தரை சூட்டில் காற்று நடுங்கும், காலையிலேயே எடுங்கள். இருபது படம் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

கேள்வி: புள்ளி ஏன் கருப்பு?

கருப்பே இல்லை. சுற்றுப்புறம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், புள்ளியின் நடுவில் 4,000-க்குள். அங்குள்ள வலுவான காந்தப்புலம் அடியிலிருந்து சூடு மேலே வரவிடாமல் தடுக்கிறது. அந்தப் புள்ளியை மட்டும் வெட்டி இரவு வானில் வைத்தால் கண் கூசும்.