நேட்டாலுக்குப் போனவரின் சுண்டுவிரல்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். சொந்த ஊர் வேலூர் பக்கம். எங்கள் அடுக்ககத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா 1880களில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர். கப்பல் பதிவேட்டில் அவருடைய வரி கிடைத்துவிட்டது. ஜில்லா, வடஆற்காடு. கிராமத்தின் பெயர் இன்றைய வரைபடத்தில் எங்குமே சிக்கவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடும்பத்தார் தலைமுறைகளாகப் பெயருக்குப் பின்னால் ஒரு சாதிப் பட்டம் போட்டுக்கொள்கிறார்கள். பதிவேட்டில் வேறு சாதி இருக்கிறது. வீட்டில் இதனால் மனக்கசப்பு. எதை நம்புவது? படத்தை இணைத்திருக்கிறேன். ஊரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்.

(ஒரு வாசகர், டர்பன்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்திலிருந்து பெயர், ஊர், சாதி மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். அந்த அம்மாவிடம் சம்மதம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் நீங்கள்.

ஊர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அன்றைய வடஆற்காடு உங்கள் வேலூரோடும் ஆரணியோடும் நின்றுவிடவில்லை. 1911இல் சித்தூர் ஜில்லா பிரியும்வரை சித்தூர், பலமனேர், சந்திரகிரி எல்லாம் அதற்குள்தான். திருத்தணிகூட அப்போது சித்தூரோடு போய், பிறகு ஆந்திரத்தில் இருந்து, 1960இல்தான் திரும்பியது. ஆகவே எல்லைக்கு இரண்டு பக்கமும் தேடுங்கள். பதிவேட்டில் தாணா என்றிருப்பதைத் தாலுகா என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமப் பெயரைக் கண்ணால் படிக்காமல், ஊர்ப் பெரியவர் யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக்காட்டுங்கள். குமாஸ்தாவின் காதில் விழுந்தது என்ன என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். அப்புறம், பெயரை நம்பித் தேடுவதை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். டர்பனை உள்ளடக்கிய அன்றைய நேட்டால் காலனியில் இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஒரு எண் கொடுத்தார்கள். பெயர் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எண் மாறாது. கல்யாணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, செத்த பிறகு சொத்துக் கணக்கு எல்லாவற்றிலும் அதுதான் வரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, சாதிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் பாதி அதுதான். (இங்கே குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.) அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்கள் என்று யோசித்தீர்களா? ஆள் பிடித்துவந்தவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. வயலில் இறங்கி வேலை செய்யும் ஆள்தான் கரும்புத் தோட்ட முதலாளிக்கு வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். என்ன சொன்னால், கப்பலேற்றும் முன் ஆட்களைச் சேர்த்துவைக்கும் டிப்போவில் தள்ளாமல் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டிவருவான். எழுதுகிறவனுக்கும் அக்கறை கிடையாது. சாதிக் கட்டத்தில் கிறிஸ்தவர் என்று மதத்தை எழுதிவைத்த வரிகள் நிறைய உண்டு. அந்தப் பக்கம் போய் இறங்கிய பிறகு பட்டம் சேர்த்துக்கொண்டவர்களும் ஏராளம். யாரையும் கேட்காமல் ஒரு நல்ல பெயரை எடுத்துக்கொள்ளும் சுதந்திரமாவது அந்தக் கடல் அவர்களுக்குக் கொடுத்ததே என்று நான் சந்தோஷப்படுவேன். இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்தப் பார்ப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எதை நம்புவது என்கிறீர்கள். இரண்டையும் நம்பவேண்டாம். வேலையைப் பாருங்கள்.

நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதாத கட்டம் ஒன்று அந்தப் படத்தில் இருக்கிறது. சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம் எல்லாம் தாண்டி, உடல் அடையாளம் என்று ஒரு கட்டம். அதில் எழுதியிருக்கிறது: இடது சுண்டுவிரலில் தழும்பு. அதைப் பார்த்ததிலிருந்துதான் இந்தப் பதிலை எழுதவேண்டும் என்று தோன்றியது.

அந்த வரியில் உயரத்தைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் கேட்டு எழுதியவை. பெயர், தகப்பன் பெயர், ஊர், சாதி எல்லாமே ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியது. சொன்னவர் பயந்து சொல்லியிருக்கலாம், பொய் சொல்லியிருக்கலாம், எழுதினவன் அரைகுறையாகக் கேட்டிருக்கலாம். வயதுகூட ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுவது. தழும்பு அப்படியில்லை. கையைப் பிடித்து, திருப்பிப் பார்த்து எழுதியது. அன்பினால் பார்க்கவில்லை. எஸ்டேட்டை விட்டு வெளியே கால் வைக்கவே சீட்டு வேண்டும் என்ற சட்டத்தில், ஓடிப்போனால் பிடித்துவர அடையாளம் தேவை. இருந்தாலும் அவர் உடம்பை ஒருவர் நேரில் பார்த்ததற்கு உங்களிடம் இருக்கும் நல்ல சாட்சி அந்தக் கட்டம்தான்.

என் அப்பாயியின் இடது சுண்டுவிரல் நிமிராது. செய்யாற்றுப் பக்கம் நெல் அறுத்தவள். அறுக்கும்போது வலது கையில் கருக்கரிவாள், இடது கை தாளைக் கொத்தாகப் பிடித்திருக்கும். கை சலித்து, கண் அசந்தால் அரிவாள் வந்து விழுகிற இடம் அந்த இடது சுண்டுவிரல்தான், அல்லது பக்கத்து விரல். வரப்பில் இருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து, முந்தானையில் ஒரு கிழிசலைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, அன்றைக்கே மிச்ச அறுப்பையும் முடித்தாளாம். கூலி நெல் போய்விடுமே. எங்கள் தெருவில் அறுப்புக்குப் போகும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போடும்போது சின்ன வயதில் நான் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பாதிப் பேருக்கு அந்த வெள்ளைக் கோடு இருக்கும். அப்பாயி சோறு பிசைந்து கொடுக்கும்போது தட்டைப் பிடித்திருக்கும் இடது கையில் அந்த விரல் மட்டும் தனியாக, கோபித்துக்கொண்ட மாதிரி மடங்கியிருக்கும்.

உங்கள் ஆளுக்கு அது அரிவாள் வெட்டுத்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கதவிடுக்கில் நசுங்கியிருக்கலாம், மாடு மிதித்திருக்கலாம். ஆனால் சாதிக்கு மூன்று பத்தி எழுதிய நீங்கள் இதற்கு ஒரு வரி எழுதவில்லையே! சாதிக் கட்டத்தை வைத்து அவர் யார் என்று கேட்கிறீர்கள். அவர் என்ன வேலை செய்து சாப்பிட்டார் என்பது பக்கத்துக் கட்டத்தில் இருக்கிறதே, அதைப் படிக்கத் தோன்றவில்லையா? 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வடஆற்காட்டைக் காயப் போட்டது. அதிலிருந்து சில வருஷங்கள்தான் ஆகியிருக்கும். அறுக்க நெல் இல்லாமல் போன கை அது என்றால், மாதம் 10 ஷில்லிங்குக்கு ஐந்து வருஷம் கரும்பு வெட்ட ஏன் சம்மதித்தது என்று நாம் மூளையைக் கசக்கவேண்டியதில்லை.

தழும்புகள் அங்கே போயும் சேர்ந்தன. 1894இல் டர்பனில் பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயெல்லாம் ரத்தமாக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி இளம் வக்கீல் காந்தியின் முன் வந்து நின்றார். அடித்தவர் எஜமான். காந்தி எழுதிவைத்ததால் அந்தப் பற்கள் நமக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்தில் அவருடைய அடையாளம் எழுதப்பட்டபோது அந்தப் பற்கள் முழுசாக இருந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு மருத்துவமனைக் காகிதமோ, எஜமான்மேல் கொடுத்த புகாரோ ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். பாதுகாத்தாரோ இல்லையோ, கோப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தார்.

1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பலில் வந்த 342 பேரில் தொடங்கி, 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை 1,52,184 பேர். எண்ணிக்கையை விழா மேடைகளில் சொல்லி மாலை போடுகிறோம், போடட்டும். எனக்கு அந்த ஒரு விரல் போதும்.

கடைசியாக ஒரு குறை. உங்கள் படத்தில் அவருடைய வரியை மட்டும் வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டிவிட்டீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்று கணக்குப் போட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள். சேர்ந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்ணாக இருக்கும். கீழ் வரியின் மேல்விளிம்பில் பாதி எழுத்து தெரிகிறது, பாலினக் கட்டத்தில் பெண் என்பது போலத்தான் படுகிறது. அந்த வீட்டில் கொள்ளுப்பாட்டியைப் பற்றி யாராவது கேட்டார்களா? பக்கத்தை முழுசாகப் படம் எடுத்து, அந்த அம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அனுப்புங்கள்.