அப்பா, அம்மாவுக்கு இல்லாத நோய் குழந்தைக்கு மட்டும் எப்படி வருகிறது? மரபணு, மரபணு மாற்றம் என்பதெல்லாம் உண்மையில் என்ன?

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பல நேரங்களில் அது அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்ததுதான். ஆளுக்கு ஒரு பங்காக இருந்தது. ஒரு பங்கு மட்டும் இருந்தவரை அது நோயாக வெளிப்படவில்லை. குழந்தையிடம் இரண்டு பங்கும் சேர்ந்தபோது வெளிப்பட்டது.

நான் நீலகிரி மாவட்டத்தில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்புகளில் முகாம் நடக்கும்போதெல்லாம் இதே கேள்வியை யாராவது கேட்பார்கள். அதனால் பள்ளிக்கூடத்துப் பட்டாணிச் செடியை விட்டுவிட்டு, தினமும் என் கண்ணில் படும் ஒரு நோயை வைத்தே விளக்குகிறேன். கதிர் அரிவாள் இரத்தசோகை. இந்தியாவில் இந்த மரபணு இருப்பது முதன்முதலில் அறிவிக்கப்பட்டதே நீலகிரி மலை மக்களிடம்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் அதை வெளியிட்டார்கள்.

பரிசோதனையிலிருந்தே தொடங்கலாம். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலைக் கலப்போம். அது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேலே மெல்லிய கண்ணாடி வில்லையைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே போகாதபடி ஓரங்களை அடைத்துவிட்டுக் காத்திருப்போம். தொடக்கத்தில் நுண்ணோக்கியில் தெரிவதெல்லாம் உருண்டையான, நடுவில் வெளிறிய, வழக்கமான சிவப்பணுக்கள். நேரம் போகப் போக, சில தகடுகளில் அந்த வட்டங்களின் ஓரம் இழுபட ஆரம்பிக்கும். ஒரு பக்கம் கூராகும், பிறகு மறுபக்கம் கூராகும், கடைசியில் இரண்டு முனையும் வளைந்து அரிவாளாகக் கிடக்கும். இத்தனை காலமாகப் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. மரபணு கண்ணுக்குத் தெரியாதது என்பார்கள்; அதன் விளைவையாவது இப்படி நேருக்கு நேர் பார்க்க முடிகிறதே.

வட்டம் ஏன் அரிவாளாகிறது என்று பார்த்தால் மரபணுவுக்கு வந்துவிடுவோம்.

நம் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அப்பா தந்தது, ஒன்று அம்மா தந்தது. குரோமோசோம் என்பது நீளமான டி.என்.ஏ. இழை, அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கே நான்கு காரங்கள் அதில் மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. ஒரு பெற்றோரிடமிருந்து வரும் தொகுப்பில் மட்டும் இப்படி ஏறக்குறைய 300 கோடி. இந்த நீண்ட வரிசையில், ஒரு குறிப்பிட்ட புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்லும் பகுதியைத்தான் மரபணு என்கிறோம். மனிதரிடம் அப்படிப்பட்டவை 20,000 அளவில் இருக்கின்றன. மூன்று மூன்று காரங்களாகச் செல் படித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் வந்து சேரும். அமினோ அமிலங்கள் கோத்து முடிந்ததும் சங்கிலி மடிந்து புரதமாகிறது.

சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அப்படி ஒரு புரதம். அதில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அவற்றில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டியது குளுட்டமிக் அமிலம். அதற்கான மூன்று காரங்களில் நடுவில் உள்ள அடினைனுக்குப் பதிலாகத் தைமின் வந்துவிட்டால், அந்த இடத்தில் வாலின் என்ற வேறொரு அமினோ அமிலம் உட்கார்ந்துவிடுகிறது. மற்ற 145-ம் அப்படியே இருக்கின்றன. மாறியது அந்த ஒன்றுதான்.

மரபணு மாற்றம் என்பது இதுதான். பாடப்புத்தகத்தில் திடீர்மாற்றம் என்று படித்திருப்பீர்கள். செல் பிரியும்போது டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டியிருக்கிறது. செல்லுக்குள்ளேயே பிழைதிருத்தும் நொதிகள் இருந்தும் அங்கொன்றும் இங்கொன்றும் தப்பிவிடுகின்றன. கதிரியக்கம், புகையிலைப் புகை போன்றவையும் காரங்களைச் சேதப்படுத்தும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய மாற்றங்கள் 60, 70 இருக்கும். அவற்றில் பெரும்பங்கு தந்தையின் விந்தணு வழியாக வருவது. தந்தையின் வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். ஆனால் இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. உங்களிடமும் என்னிடமும் இருக்கின்றன, நமக்குத் தெரியாது. மரபணு மாற்றம் என்றாலே ஏதோ கோரம் என்று நினைப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த ஒரு வாலின் மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? குளுட்டமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டிப் பழகுவது, வாலின் தண்ணீரை விட்டு விலகுவது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில் இந்த வாலின் பக்கத்து மூலக்கூறின் குழிவில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அது அடுத்ததோடு, அது அதற்கடுத்ததோடு. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று பிணைந்து விறைத்த நார்களாக நீளும்போது அணுவின் தோலையே தள்ளி வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் சிறிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்கள், எலும்புக்குள்ளிருந்து வருவதாகச் சொல்வார்கள். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைந்துபோகும். இரத்தசோகை அதனால் வருவது. குளிர், காய்ச்சல், தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது எல்லாமே வலியைக் கிளப்பும். மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தில் நனைந்துகொண்டு வேலை செய்யும் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் நிலைமை எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1910-ல் சிகாகோவில் ஹெரிக் என்ற மருத்துவர் இந்த வளைந்த அணுக்களைப் பற்றி எழுதினார். லைனஸ் பாலிங் குழுவினர் 1949-ல், கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் என்று காட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம், மாறியிருப்பது ஒரே ஓர் அமினோ அமிலம் என்று கண்டுபிடித்தார். ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூறு வரை துருவிப் பார்க்கப்பட்டது அதுதான் முதல்முறை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பீட்டா சங்கிலி மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு இருக்கிறது, அப்பாவழி ஒன்று, அம்மாவழி ஒன்று. இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால், மற்றது வழக்கமான ஹீமோகுளோபினைச் செய்துகொண்டே இருக்கும். அது உள்ளே கலந்து நிற்பதால் நார் நீள முடிவதில்லை. இவர்கள் நோய் கடத்துபவர்கள், நோயாளிகள் அல்லர். காடு மேடெல்லாம் ஏறி இறங்கி, பேரன் பேத்தி எடுத்து, தன்னிடம் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பவர்கள் ஏராளம். நான் சொன்ன கண்ணாடித் தகட்டில் இவர்களுடைய அணுக்களும் வளையும், ஏனென்றால் அங்கே ஆக்சிஜனை அடியோடு எடுத்துவிடுகிறோம். அதனால் தகட்டைப் பார்த்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. ஹீமோகுளோபின்களைப் பிரித்து அளக்கும் அடுத்த சோதனையில்தான் கடத்துபவர் யார், நோயாளி யார் என்பது தெளிவாகும்.

இப்படிக் கடத்தும் ஒருவரும் கடத்தும் இன்னொருவரும் மணந்துகொண்டால் என்ன ஆகும்? முட்டையிலும் விந்தணுவிலும் ஜோடியில் ஒன்றுதான் போகும். எது போகும் என்பது தற்செயல். இரண்டு பக்கமும் மாறிய பிரதியே வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு. குழந்தைக்கு நோய் வரும். ஒன்று மட்டும் வர நான்கில் இரண்டு. குழந்தையும் பெற்றோரைப் போலவே கடத்துபவர். எதுவும் வராமலிருக்க நான்கில் ஒன்று. ஒருவர் மட்டுமே கடத்துபவர், மற்றவரின் இரண்டு பிரதியும் வழக்கமானவை என்றால் எந்தக் குழந்தைக்கும் இந்த நோய் வராது.

இந்த நான்கில் ஒன்றைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். முந்தைய ஆட்டத்தில் என்ன விழுந்தது என்று தாயக்கட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு கருவுக்கும் அதே நான்கில் ஒன்று மீண்டும் புதிதாக நடக்கிறது. மூன்று பிள்ளைகளுக்கும் நோயுள்ள குடும்பமும் உண்டு, ஐந்தில் ஒருவருக்கும் இல்லாத குடும்பமும் உண்டு.

இன்னொன்று, இது என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது. குழந்தைக்கு நோய் என்று தெரிந்ததும், "எங்கள் வீட்டில் ஏழு தலைமுறையாக இது கிடையாது, இவள் கொண்டுவந்ததுதான்" என்று மருமகளைக் காட்டிப் பேசும் மாமியாரை எந்த ஊரிலும் பார்க்கலாம். மலை, சமவெளி என்ற வேறுபாடு இதில் இல்லை. "அம்மா, உங்கள் மகனிடமும் ஒன்று இருந்தால்தான் பேரனுக்கு வரும். அது உங்களிடமிருந்தோ உங்கள் வீட்டுக்காரரிடமிருந்தோ வந்திருக்கும்" என்று நான் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகம் அப்போது மாறுவதைப் பார்த்தவர்கள், மரபியலை வெறும் தேர்வுப் பாடம் என்று சொல்ல மாட்டார்கள்.

குழந்தை பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தது என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. உண்மைதான். வயிற்றில் இருக்கும்போது குழந்தை வேறொரு மரபணுவைக் கொண்டு கருக்கால ஹீமோகுளோபின் செய்கிறது. அதில் பீட்டா சங்கிலியே இல்லை. பிறந்து ஆறு மாதத்துக்குள் அது படிப்படியாகக் குறைந்து, பீட்டா மரபணு வேலையை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகுதான் கையும் காலும் வீங்கிக் குழந்தை வீறிட்டு அழத் தொடங்கும். அதற்கு முன் கொடுத்த மருந்தையோ போட்ட தடுப்பூசியையோ குறை சொல்வதில் பொருளே இல்லை.

இவ்வளவு துன்பம் தரும் மாற்றம் ஏன் அழிந்துபோகவில்லை? ஆந்தனி ஆலிசன் 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு விடை கண்டார். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களைக் கடுமையான மலேரியா அவ்வளவு எளிதாகக் கொல்வதில்லை. மலேரியா மண்டிய நிலங்களில் கடத்துபவர்களின் பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்தார்கள். மரபணுவும் அவர்களோடு பிழைத்தது. வயநாடு, கூடலூர்க் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. கொசு குறைந்துவிட்டது, மரபணு மட்டும் தங்கிவிட்டது. இதைக் குறைபாடுள்ள இரத்தம் என்று யாராவது சொன்னால், அந்த மக்களின் முன்னோர் உயிரோடு இருந்ததற்கே இது ஒரு காரணம் என்று பதில் சொல்வேன்.

எல்லா மரபணு நோயும் இந்த வழியில் வருவதில்லை. குள்ளத்தன்மையின் ஒரு வகையான அகோன்டிரோபிளேசியாவுக்கு ஒரு மாறிய பிரதியே போதும், அது ஓங்கு தன்மை. அதோடு பிறப்பவர்களில் பெரும்பாலோரின் பெற்றோர் வழக்கமான உயரம் உடையவர்கள். விந்தணு உருவாகும்போது புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. நீங்கள் கேட்டது போல அப்பா அம்மாவிடம் உண்மையாகவே இல்லாமல் வருவது இப்படித்தான். ஹீமோஃபீலியாவின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது; ஆண்களிடம் எக்ஸ் ஒன்றுதான் என்பதால் நோய் அவர்களிடமே அதிகம் வெளிப்படும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு போன்றவற்றில் பல மரபணுக்களும் வாழ்க்கை முறையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அங்கே நான்கில் ஒன்று என்ற கணக்கெல்லாம் செல்லாது.

அக்கா மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று மணம் முடிப்பது நம்மிடம் வழக்கம் என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாக மரபணுக்களில் கால் பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். அத்தை, மாமன் பிள்ளைகளிடையே எட்டில் ஒரு பங்கு. உறவில் மணப்பதால் புதிய நோய் எதுவும் உருவாவதில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே மறைந்திருக்கும் ஒரே மாற்றம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்திக்கும் வாய்ப்புதான் கூடுகிறது. அதனால் உறவில் மணம் முடித்தவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் நோயோடு பிறப்பார்கள் என்று பயமுறுத்துவதும் தவறு, எங்கள் வம்சத்தில் எதுவும் இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு.

சரிசெய்ய வழியுண்டா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஹைட்ராக்சியூரியா மாத்திரை பல ஆண்டுகளாக இருக்கிறது. அது அந்தக் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி வலி வரும் தடவைகளைக் குறைக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் ஒழுங்காக எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும். இந்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. அதே ஆண்டு இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி தந்தன. நோயாளியின் இரத்தம் உருவாக்கும் மூலச் செல்களை வெளியே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டை வெட்டி நீக்கித் திரும்பச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இங்கே முகாமுக்கு வருகிறவர்களுக்கு அது இன்றைக்கு எட்டாத தொலைவு.

அந்தச் சிகிச்சை பெற்றவர்களும் பிள்ளைகளுக்கு மாறிய பிரதியையே கொடுப்பார்கள். திருத்தப்பட்டது இரத்தச் செல்களில் மட்டும். முட்டையும் விந்தணுவும் தொடப்படவில்லை. வெயிலில் தோல் செல்லில் ஏற்படும் மாற்றம் பிள்ளைக்குப் போகாததும் இதே காரணத்தால்தான். ஆகவே உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், திருமணப் பேச்சு தொடங்கும் முன்பே இரண்டு பக்கமும் ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே மணமாகி, இருவருமே கடத்துபவர்கள் என்று தெரியவந்தால் கருவுற்ற 10, 12 வாரங்களிலேயே கருவைப் பரிசோதிக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. மரபியல் ஆலோசகரிடம் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள்.