எரிமலைக்குள்ள என்னதான் எரியுது? சேரிட்டக் கேப்பம்

(கிளிநொச்சியில புவியியல் படிப்பிச்சு ஓய்வெடுத்த சேர், வன்னிப் பக்கத்து ஆக்கள் கேட்டதுகளுக்குச் சொன்ன பதில்.)

வவுனியா: சேர், எரிமலைக்குள்ள என்ன எரியுது?

ஒண்டும் எரியேல்லை, பேர் வைச்ச ஆள் எங்களைப் பேய்க்காட்டிப்போட்டார். உள்ளுக்க கல்லு உருகிக் கிடக்கு, 700இல இருந்து 1200 பாகை வரை சூடு, உள்ள இருக்கேக்க மக்மா, வெளியில வந்தா லாவா. அதைத் தள்ளிக்கொண்டு வாறது அதுக்குள்ள கரைஞ்சு கிடக்கிற காஸ், முக்கால்வாசி நீராவிதான், பிறகு காபனீரொட்சைட்டு, கந்தகக் காஸ். வெயிலுக்க சைக்கிளில குலுக்கிக் கொண்டந்த சோடாப் போத்தலைத் திறந்து பாருங்கோ, மூடி கழண்டு அமுக்கம் குறைஞ்ச உடன குமிழ் வெளிக்கிடும், வரேக்க சோடாவையும் இழுத்துக்கொண்டு வரும், சேட்டெல்லாம் நனைஞ்சிடும். அவ்வளவுதான் விசயம்.

முள்ளியவளை: அப்ப ஹவாயில மட்டும் ஏன் ஆறு மாதிரி ஓடுது?

கூழ் காய்ச்சின ஆக்களுக்கு இது விளங்கும். தண்ணிக்கூழ் கொதிச்சா குமிழ் சத்தமில்லாமப் போகும், இறுகின கூழ் டப் டப்பெண்டு தெறிச்சு கையைச் சுடும். ஹவாயில வாறது பசால்ட் எண்ட வகை லாவா, மணலில இருக்கிற சிலிக்கா அதில 50 வீதமளவில, இளகல், காஸ் லேசாக் கழண்டிடும். சிலிக்கா 65, 70 எண்டு ஏற ஏற இறுகும், காஸ் போக வழியில்லாம அடைபட்டு அடைபட்டுக் கடைசியா மலையையே பிளக்கும். 1991இல பிலிப்பைன்ஸ் பினாட்டுபோ அப்பிடித்தான் வெடிச்சது, அதால உலகமே கிட்டத்தட்ட அரைப் பாகை குளிர்ந்தது.

விசுவமடு: அந்தச் சாம்பலைத் தோட்டத்துக்குப் போடலாமோ சேர்? (அம்மா கேக்கச் சொன்னவ)

அம்மாட்டச் சொல்லுங்கோ, அது அடுப்புச் சாம்பல் இல்லை, பொடியாப்போன கண்ணாடியும் கல்லும். காலப்போக்கில உக்கி மண்ணானாப் பிறகுதான் நல்ல பசளை, ஜாவாவில நெல்லு விளையிறதுக்கு அதுவும் ஒரு காரணம். புதுசா விழேக்க ஆபத்து, மழை பட்டா பாரமாகிக் கூரை இறங்கும், பினாட்டுபோவில கனபேர் செத்தது அப்பிடித்தான். 1982இல இந்தோனேசியாவுக்கு மேல போன ஒரு பிளேனுக்கு நாலு எஞ்சினும் நிண்டது, சாம்பல் உள்ள போய் உருகி ஒட்டினதால. கீழ இறங்கினாப் பிறகு திருப்பி ஸ்ராட் வந்தது, ஆக்கள் தப்பீட்டினம்.

முல்லைத்தீவு: குதிக்கால் தேய்க்கிற கல்லு தண்ணியில மிதக்குது, அதுவும் எரிமலையோ?

ஓம், இயற்கையாக் கிடைக்கிறதெண்டா அதுதான், நுரையோட உறைஞ்ச லாவா. 1883இல கிரகட்டோவா வெடிச்சு வந்த கல்லுகள் இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆபிரிக்கக் கரைக்கே மிதந்து போனது. அந்தச் செப்ரெம்பரில இலங்கையில சூரியன் பச்சையாத் தெரிஞ்சதெண்டும் பதிவிருக்கு.

மாங்குளம்: எங்கட கருங்கல், கன்னியா வெந்நீரூற்று, அதுகளும் எரிமலையால வந்ததோ?

ரெண்டும் இல்லை தம்பி. உங்கட கருங்கல் ஆழத்தில சூட்டாலயும் அமுக்கத்தாலயும் 55 கோடி வருசத்துக்கு முந்தி உருமாறின பாறை. கன்னியாவில மழைத்தண்ணி வெடிப்புக்குள்ளால ஆழத்துக்கு இறங்கிச் சுட்டுப்போய் மேல வருது, நீங்கள் பயப்பிடாமப் போய்க் குளியுங்கோ.